செத்த மீன் படம் போட்ட எண்ணெய்

வாசகர் கடிதம்:

"ஐயா, வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். மகள் கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் 10 மில்லி பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். தைம் எண்ணெயாம். அங்கே சளி, இருமல் என்றால் எல்லாரும் இந்தச் செடியைத்தான் நம்புவார்களாம். மூடியருகே முகர்ந்தால் அப்படியே நம் ஓம வாட்டர் வாசனை. ஆனால் பாட்டிலில் சிவப்புக் கட்டத்துக்குள் நாலு படம் இருக்கிறது. தீ, நெஞ்சு வெடித்த மாதிரி ஒரு ஆள், கைமேல் ஏதோ சொட்டுவது, அப்புறம் செத்த மீனும் பட்டுப்போன மரமும். மருந்துக்கு எதற்கு ஐயா செத்த மீன்? மகளைக் கேட்டால் 'இங்கே எல்லாத்துலயும் அப்படித்தாம்மா போடுவாங்க' என்கிறாள். மகன் வழிப் பேரனுக்கு 2 வயது. மழை வந்தாலே மூக்கடைப்பு. ஆவி பிடிக்கும் தண்ணீரில் இதை விடலாமா? வீட்டுக்காரருக்கு 14 வருடமாகச் சுகர். கால் பெருவிரல் நகம் மஞ்சளாகிச் சொத்தையாக இருக்கிறது. அதில் தினம் ஒரு சொட்டு வைக்கலாமா? எனக்கு வாயுத் தொல்லை. வெந்நீரில் ஒரு சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் காட்டினாள். வேறு எதற்காவது ஆகுமா, இல்லை தூக்கிப் போட்டுவிடலாமா?"

மருந்தாளுநரின் பதில்:

அம்மா, பாட்டிலைத் திறந்து ஊற்றுவதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். 31 வருடம் வேலூரில் மருந்து கட்டிக் கொடுத்தவன் நான். லேபிளைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு வேண்டாம். வீட்டுக்காரர் காலுக்கு வேண்டாம். உங்கள் வயிற்றுக்கும் வேண்டாம். ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். ஏன் என்று சொல்லாமல் 'வேண்டாம்' மட்டும் சொன்னால் நாளைக்கே இன்னொரு செல்போன் வீடியோ வந்து என் பேச்சை அடித்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. தைம் என்பது மத்தியதரைக் கடல் ஓரத்துக் குத்துச்செடி. நம் நீலகிரியிலும் பயிரிடுகிறார்கள். அதன் எண்ணெயில் தைமால் என்கிற சரக்குத்தான் பெரும்பங்கு. நல்ல தைம் எண்ணெயில் 37 முதல் 55 சதவீதம் வரை அது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துநூல் கணக்கு வைத்திருக்கிறது. நம் ஓமத்திலிருந்து எண்ணெய் இறக்கினாலும் ஏறக்குறைய பாதி தைமால்தான். வாசலில் தொட்டியில் கற்பூரவள்ளி வைத்திருப்பீர்கள். அதை ஓமவல்லி என்று சும்மா சொல்லவில்லை. அதன் இலையில் தைமாலும், அதன் கூடப்பிறந்தது மாதிரியான கார்வக்ராலும் உண்டு. ஆக, மகள் கடல் தாண்டி அனுப்பியது உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குத் தெரிந்த ஆள்தான். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கும் வரைக்கும் தைமால் எடுப்பதற்கென்றே நம் நாட்டு ஓமம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஜெர்மனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

தைமாலைத் தனியாகப் பிரித்தால் கற்கண்டுத் துண்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். வேலூர் லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 'ஓம உப்பு' என்று கேட்டால் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். உப்பு என்று பெயர்தானே தவிர உப்பு இல்லை. படிக்கிற காலத்தில் எங்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு உண்டு. கல்வத்தில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் போட்டு அரைக்க வேண்டும். மூன்றும் காய்ந்த கட்டிகள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. நாலு சுற்று சுற்றினால் கல்வத்தின் ஓரம் ஈரமாகும், பிறகு சேறாகும், கடைசியில் எல்லாமே தெளிவான எண்ணெயாகி நிற்கும். ஒன்றோடொன்று சேர்ந்ததும் உருகும் சூடு குறைந்துவிடுவதால் அப்படி ஆகிறது. எங்கள் வாத்தியார் கல்வத்தை மூக்கருகே கொண்டுபோக விடமாட்டார். 'மூஞ்சியைத் திருப்பிக்கினு அரைங்கடா' என்பார். ஒரு தடவை நான் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்கக் கண் சிவந்து கண்ணீர் வழிந்தது. இந்த எண்ணெய்களின் காரம் அன்று புரிந்தது எனக்கு.

உங்கள் மகள் சொன்னது பொய்யில்லை. ஜெர்மனியில் இருமலுக்குத் தைம் பழைய கைமருந்து. மருந்துக்கடையிலேயே சிரப்பாகவும் டீயாகவும் விற்கிறார்கள். ஆனால் அது இலையைக் கொதிக்கவைத்தோ ஊறவைத்தோ இறக்கிய சாறு. உங்களிடம் இருப்பது ஆவியில் வடித்த எண்ணெய். காய்ந்த தைம் இலை ஒரு கிலோ எடுத்தால் அதில் கிடைக்கும் எண்ணெய் 12 மில்லியிலிருந்து 25 மில்லிக்குள். அப்படியானால் உங்கள் கையிலுள்ள விரல் அளவு பாட்டிலுக்குள் 400 கிராமிலிருந்து 800 கிராம் வரைக்கும் காய்ந்த இலை அடங்கிக் கிடக்கிறது. டீக்கு ஒரு ஸ்பூன் இலை போடுவார்கள். ஒரு சாக்கை முழுங்க மாட்டார்கள். மகள் 'இங்கே எல்லாரும்' என்று சொன்னது சிரப் குடிக்கிறவர்களை.

சரி, படங்களுக்கு வருவோம். எல்லாவற்றிலும் சும்மா போடுகிறார்கள் என்பது சரியில்லை. பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் அங்கே படம் போடச் சட்டம். தீ என்றால் எளிதில் பற்றிக்கொள்ளும் என்று அர்த்தம். சாமி விளக்குப் பக்கத்திலும் அடுப்புத் திண்டிலும் வைக்காதீர்கள், அவ்வளவுதான். கைமேல் சொட்டுவது, தோலைப் பொசுக்கும் என்பதற்கு. நெஞ்சு வெடித்த ஆள் படத்தைத்தான் நான் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஓடக்கூடியது. விழுங்கும்போதோ, விழுங்கி வாந்தி எடுக்கும்போதோ துளி மூச்சுக்குழாய்க்குள் வழுக்கி இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். செத்த மீனுக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது பேரன். இரண்டு வயதுக் குழந்தையின் மூக்குத் துவாரம் எவ்வளவு இருக்கும்? உங்கள் சுண்டுவிரல் நுனி கூட நுழையாது. கொஞ்சம் சளி சேர்ந்தாலே கொர்கொர் என்று சத்தம் வரும், பால் குடிக்கச் சிணுங்கும். பார்க்கிற நமக்கு மனசு கேட்காது. காரமான வாசனை ஏதாவது காட்டினால் 'திறந்துவிடும்' என்று தோன்றும். ஆனால் அந்த வயதில் புதினா உப்பு, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் மாதிரியானவை மூக்கருகே சட்டென்று ஏறினால் தொண்டை இறுகி மூச்சு தடைபடலாம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். ஒரு வாய் போதும். தைம் எண்ணெயும் அந்தக் கூட்டத்து ஆள்தான். நெஞ்சில் தேய்க்காதீர்கள், தலையணையில் சொட்டாதீர்கள், கொசுவத்தி மெஷின் மாதிரி அறையில் புகைய விடும் கருவியிலும் போடாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை இந்தப் பேச்சே வேண்டாம் என்பது என் கட்சி.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் இல்லாத வெறும் வெந்நீரானாலும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். போர்வைக்குள் குண்டான் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்த குழந்தைகளுக்குத் தீப்புண் களிம்பு எடுத்துக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு முறையும் கூட வந்த பாட்டி 'ஒரு நிமிஷம்தான் சார் திரும்பினேன்' என்று அழுதிருக்கிறார். சளி ஒரு வாரத்தில் தானே போயிருக்கும். வெந்த தழும்பு போகாது.

அப்போ என்னதான் செய்வது? மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான சலைன் மூக்குச் சொட்டு மருந்து கேளுங்கள். வெறும் உப்புநீர்தான். பால் குடிக்கும் முன்னும் தூங்கும் முன்னும் இரண்டு மூக்கிலும் இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கற்பூரவள்ளி இலை ஒன்றை வாட்டிப் பிழிந்து, அரை ஸ்பூன் சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் உங்கள் வழக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. பேரனுக்கு அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. ஓமத்தை வறுத்து வெள்ளைத் துணியில் பொட்டலம் கட்டி வைப்பீர்கள் இல்லையா, அது ஆறிய பிறகு தொட்டில் கயிற்றில் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கூடவே கற்பூரத் துண்டு ஒன்றைப் போட்டுக் கட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் உங்களால் பார்க்க முடிகிற ஒரு பரிசோதனை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது மூக்கடைப்பு இல்லை. உடனே டாக்டரிடம் போகவேண்டியது. ஓமமும் வேண்டாம், தைமும் வேண்டாம், நேரத்தைக் கடத்தவே வேண்டாம்.

வீட்டுக்காரர் கால். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்.

தைமாலுக்குப் பூஞ்சையை அடக்கும் சக்தி உண்டா என்றால், உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தோல் டாக்டர்கள் நகக்கண் பிரச்சினைக்கு ஸ்பிரிட்டில் 4 சதவீதம் தைமால் கரைத்துத் தரும்படி சீட்டு எழுதுவார்கள். நானே நிறுத்துக் கரைத்திருக்கிறேன். 4 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாட்டிலில் அதைப்போல பத்து மடங்கு இருக்கிறது. நல்ல காலில் பட்டாலே எரிந்து, நாம் பதறித் துடைத்துவிடுவோம். 14 வருடச் சுகர் காலுக்கு அந்த எரிச்சல் தெரியுமா? அதுதான் கேள்வி. காலில் மரமரப்பு, பஞ்சுமேல் நடப்பது மாதிரி, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பது, இதில் ஏதாவது உண்டா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

வலி தெரியாத கால் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் நம் வேலூரில் இருந்தவர்தான். டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டதும் கிழிந்ததும் தெரியாமல் அவர்களே மேலும் மேலும் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவரும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். காட்பாடி பக்கம் கரிகிரியில் அதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பழகிய மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்றைக்குச் சுகர்காரர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். தொழுநோயாளியின் காலும் பழைய சுகர்காரரின் காலும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். நகச் சொத்தையில் வைத்த சொட்டு நகக்கண்ணில் இறங்கித் தோலைப் பொசுக்கும். அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் நீர் கட்டும், அப்போதும் தெரியாது. சாக்ஸில் ஈரம் பட்ட பிறகோ வாடை வந்த பிறகோ பார்ப்பீர்கள். அங்கிருந்து விரலை எடுக்கிற வரைக்கும் தூரம் அதிகமில்லை, அம்மா.

அதனால் அவரைத் தோல் டாக்டரிடமோ சுகர் பார்க்கிற டாக்டரிடமோ காட்டுங்கள். மஞ்சள் நகமெல்லாம் பூஞ்சையும் இல்லை. நகத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். பூஞ்சைதான் என்றால் தடவுகிற மருந்து உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரை என்றால் ஈரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். எந்த மருந்தானாலும் கால் பெருவிரல் நகம் முழுசாக வளர்ந்து மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்று மருந்தை விட்டுவிடாதீர்கள். அதுவரை தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கழுவினால் விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊர்த் தார் ரோடே கொப்புளம் போடும்.

அடுத்தது குடிப்பது. இதில் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். ஓமத்தில் 2 முதல் 4 சதவீதம் எண்ணெய். ஒரு டீஸ்பூன் ஓமம் சுமார் 2 கிராம் என்றால், அதற்குள் இருப்பது 40 முதல் 80 மில்லிகிராம் எண்ணெய். ஒரு சொட்டு தைம் எண்ணெயும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். 'அப்போ ஒரு சொட்டுதானே, என்ன ஆகிவிடும்' என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

பதில் இதுதான். ஓமம் கொதித்து இறங்கும்போது எண்ணெயில் கொஞ்சம் ஆவியாகப் போகும், கொஞ்சம் விதைக்குள்ளேயே தங்கிவிடும், மீதி ஒரு டம்ளர் தண்ணீரில் பரவி வரும். சொட்டு அப்படியில்லை. தைமால் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெந்நீரில் விட்ட சொட்டு மேலே மிதக்கும். முதல் வாயிலேயே முழுசாக உதட்டிலும் நாக்கிலும் ஒட்டும். அது ஒன்று. இரண்டாவது, பாட்டிலின் சின்ன ஓட்டைக்கு நம் கணக்கு தெரியாது. கவிழ்த்தால் ஒரு நேரம் ஒன்று விழும், ஒரு நேரம் நாலு விழும். மூன்றாவது, வாசனைக்காக விற்கும் எண்ணெய்க்கும் வாய்க்குள் போகலாம் என்று விற்கும் சரக்குக்கும் தரம் வேறு. நாலு படம் போட்ட பாட்டில் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

கடைக்கு வந்த ஒருவர் கதை. பீடி சுற்றுகிறவர், நாற்பது வயதிருக்கும். சொத்தைப் பல் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று பஞ்சில் இதே மாதிரி எண்ணெய் ஒன்றைத் தோய்த்து ஈறில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் கன்னத்தின் உள்பக்கம் வேகவைத்த முட்டை மாதிரி வெள்ளையாக உரிந்திருந்தது. 'இன்னா சார், மூலிகைதானே' என்று கேட்டார். பல் வலி போய்விட்டதா என்று கேட்டேன். அதுவும் போகவில்லை. அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பினேன்.

ஒரு காலத்தில் தைமாலை உள்ளுக்குக் கொடுத்த வைத்தியம் உண்டு. கொக்கிப்புழுவுக்கு. 1909-க்குப் பிறகு அமெரிக்காவின் தென்பகுதியில் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார்கள். கிராம் கணக்கில் தைமாலைக் கொடுத்து, பின்னாலேயே பேதி உப்பைக் கொடுத்து வெளியேற்றிவிடுவார்கள். அன்றைக்கு எண்ணெயோ கொழுப்போ சாராயமோ வாயில் படக்கூடாது என்று கண்டிப்பு. ஏனென்றால் அதில் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். 'நெய்யில் ஒரு சொட்டு விட்டுச் சாப்பிடு' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயுவுக்கு அரை டீஸ்பூன் ஓமத்தை லேசாக வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துச் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். அது போதும். வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, நெஞ்செரிச்சலோடு எடை குறைந்தாலோ, இடது கைக்கு வலி இறங்கினாலோ வாயு என்று பெயர் வைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். மாரடைப்பை வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டே நேரத்தை விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கும் இந்த எண்ணெயைத் தராதீர்கள்.

சரி, எதற்குத்தான் ஆகும்? முழங்கால், கெண்டைக்கால் அலுப்புக்கு உங்களுக்கு ஆகும், தோல் ஒத்துக்கொண்டால். 30 மில்லி நல்லெண்ணெயில் அல்லது தேங்காயெண்ணெயில் 5 சொட்டு. 6 வேண்டாம், 10 வேண்டவே வேண்டாம். இது ஒரு சதவீதத்துக்குள் வரும். கலந்ததில் ஒரு துளியை முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லையென்றால் காலில் தேய்க்கலாம். முகம், அக்குள், தொடை இடுக்கு, வெடித்த பாதம், புண், இங்கெல்லாம் கூடாது. தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பேரனைத் தூக்காதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள். குளிக்கிற தண்ணீரில் சொட்டு விடுவது சிலருக்குப் பழக்கம். எண்ணெய் மிதந்து வந்து படக்கூடாத இடத்தில்தான் ஒட்டும். வேண்டாம்.

பூஞ்சைக்கு எதிராக இதன் உண்மையான வேலை உடம்புக்கு வெளியேதான் நன்றாக நடக்கும். ஐப்பசி மழையில் மர பீரோவின் பின்பலகையில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம் பிடிக்கும் இல்லையா? காலி டப்பாவில் ஒரு கப் தண்ணீர், அரை ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் திரவம், 10 சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கி, கையுறை போட்டுக்கொண்டு பழைய துணியால் துடையுங்கள். துணியை வைப்பதற்கு முன் நன்றாகக் காயவிடுங்கள். ஆவணக் காப்பகங்களில் பூஞ்சை பிடித்த பழைய தாள்களையும் தைமாலை வைத்துத்தான் காப்பாற்றினார்கள். மூடிய பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் ஓம உப்பு, அதன் அடியில் 40 வாட் பல்பு. சூட்டில் கிளம்பும் ஆவி தாளுக்குள் ஊறும். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக்குக்கூட இது காவல் இருந்தது. ஹாலோத்தேன் என்று ஒரு மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் 0.01 சதவீதம் தைமால் கலந்து, கருப்பழுப்புப் பாட்டிலில் வரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அந்த வேலைக்குப் போதும்.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சாமி அலமாரியிலோ, இருமல் மருந்து இருக்கும் தட்டிலோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பூட்டுகிற பீரோவில், மேல்தட்டில், மூடி இறுகப் போட்டு நிமிர்த்தி வையுங்கள். நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஜன்னல் ஓரம் இருந்தால் எண்ணெய் கெடும். கெட்ட எண்ணெய் தோலை இன்னும் அதிகமாக அரிக்கும். வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். அந்தப் படங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் வேண்டும்.

தவறிப்போய்த் தோலில் கொட்டினால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் குழாயடியில் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. விரலை விடாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், பாலும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் அந்தப் பாட்டிலும் போகவேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு எடுப்பார்.

இப்போது செத்த மீன். தண்ணீரில் வாழ்கிற உயிர்களுக்கு இது நஞ்சு என்பதற்கான படம் அது. பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் செத்த மீனைப் பற்றி ஜெர்மன்காரன் வந்து சொல்லவேண்டியதில்லை. தோல் கழிவு வழக்கு 1996-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் தீர்ப்பு வாங்கிய ஊர் நம்முடையது. அதனால் எண்ணெய் பழசாகிவிட்டால் சிங்க்கிலும் சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டாதீர்கள். மூடியோடு பழைய செய்தித்தாளில் சுற்றி, குப்பை வாங்க வருகிற அம்மாவிடம் டியூப்லைட், பேட்டரி கொடுப்பதுபோலத் தனியாகக் கொடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலின் அடியில் எழுதி வைத்தால் இரண்டு வருடம் கழித்துக் குழப்பம் வராது.

மகளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை யாராவது வரும்போது காய்ந்த தைம் இலையை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ஸ்பூன் போட்டு டீ வைத்துப் பாருங்கள். உங்கள் ஓமக் கசாயத்தின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும்.